மராக்கேஷ் ரியாட்டில் அம்மாவோடு தங்கலாமா? ஹம்மாம், படிக்கட்டு, சாப்பாடு விவரம் வேண்டும்

மல்லிகைப்பந்தல் | 2024 நவம்பர் 9

வணக்கம். ஜனவரி கடைசியில் அம்மாவை மொராக்கோவின் மராக்கேஷுக்கு அழைத்துப்போகலாம் என்று இருக்கிறேன். அம்மா மதுரையிலிருந்து என்னோடு தங்க ஃபிராங்க்ஃபர்ட் வருகிறார். வயது 66. சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். முழங்கால் வலி உண்டு, ஆனாலும் நின்று நின்று நடந்துவிடுவார்.

மதில் சூழ்ந்த பழைய ஊரான மெதினாவுக்குள் ஒரு சின்ன ரியாட் (நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு, இப்போது விருந்தினர் இல்லம்) பார்த்து வைத்திருக்கிறேன். மொத்தமே ஏழெட்டு அறைகள். நடு முற்றத்தில் ஆரஞ்சு மரங்கள், சிறு குளம், மேலே மொட்டைமாடி, உள்ளேயே ஹம்மாம் என்ற ஆவிக் குளியல் அறையும் மசாஜ் அறையும் உள்ள ஸ்பா. படங்களைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. அப்பா போன பிறகு அவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அதனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

அங்கே தங்கியவர்கள் சொல்லுங்கள். படி ஏறுவது எவ்வளவு கஷ்டம்? முன்பின் தெரியாத ஒரு பெண் உடம்பைத் தேய்த்துவிடுவதை அம்மா ஏற்றுக்கொள்வாரா? ஹம்மாமில் என்னதான் நடக்கும்? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

நடைவண்டி | 2024 நவம்பர் 9

மல்லிகை, முதலில் இடத்தைப் பாருங்கள், ஸ்பாவை அப்புறம் பார்க்கலாம். விமான நிலையத்திலிருந்து மெதினா ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் உள்சந்துகளில் கார் போகாது. டாக்ஸி ஏதாவது ஒரு வாசலிலோ சந்தியிலோ இறக்கிவிடும். அங்கிருந்து நடை. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவர ஆட்கள் உண்டு. அந்த நடை இரண்டு நிமிடமா பதினைந்து நிமிடமா என்பதுதான் அம்மாவுக்கு முக்கியம். தரை சமமாக இராது. பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் வந்தால் கழுதை வண்டியோ மோட்டார் சைக்கிளோ வருகிறது, உடனே சுவரோரம் ஒதுங்க வேண்டும்.

கஸ்பா, ரியாத் லாரூஸ், தார் எல்-பாஷா, பாப் துக்காலா பக்கங்களில் கார் ஓரளவு கிட்டே வரும். ரியாட்காரர்களிடம் நேராகக் கேளுங்கள்: கார் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் கதவு எத்தனை மீட்டர்? அந்த வழியை ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? நல்ல வீடாக இருந்தால் வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள். வந்து இறங்கும் நாளில் கார் நிற்கும் இடத்துக்கே ஆள் அனுப்பச் சொல்லுங்கள். தனியாகத் தேடினால் "அந்தப் பக்கம் மூடியிருக்கிறது, நான் காட்டுகிறேன்" என்று இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு கடைசியில் காசு கேட்பார்கள்.

குளம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் தொட்டி. அகலக் கோண லென்ஸில் எடுத்த படம் உங்களை ஏமாற்றிவிடும். தண்ணீரைச் சூடாக்குகிறார்களா என்று கேட்காமல் நம்ப வேண்டாம். ஜனவரியில் அதில் கால் நனைப்பதோடு சரி.

ஹம்மாமுக்காக ரியாட் ஸ்பாவில் காசைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெருவில் இருக்கும் பொது ஹம்மாம்தான் உண்மையானது. நுழைவுக் கட்டணம் மொராக்கோ நாணயத்தில் சில திர்ஹாம்கள், தேய்த்துவிடும் பெண்ணுக்குத் தனியாகக் கொடுத்தாலும் ரியாட் விலையில் கால்வாசிகூட வராது. ஊர்க்காரர்கள் வாரந்தோறும் போகும் இடம் அது.

கரிசல்காட்டான் | 2024 நவம்பர் 10

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன். முழங்கால் வலி உள்ளவரை மெதினாவுக்குள் கொண்டுபோய் ஏன் வைக்க வேண்டும்? கெலிஸ், இவெர்னாஜ் என்று புதிய நகரப் பகுதிகள் இருக்கின்றன. லிஃப்ட் உள்ள ஹோட்டல், வாசலில் டாக்ஸி, சூடாக்கிய நீச்சல்குளம். ஸ்பாவும் பெரிதாக இருக்கும். பகலில் மெதினாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு அங்கே போய்ப் படுங்கள். ரியாட்டில் லிஃப்ட் இருப்பது அபூர்வம். படிகள் குறுகல், ஒவ்வொரு படியும் உயரம், சில வீடுகளில் கைப்பிடியே இல்லை.

இன்னொன்று. அம்மாவின் ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பல முறை நுழையும் விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நுழைவு என்றால் மொராக்கோ போன பிறகு ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு மொராக்கோ விசாவும் வேண்டும். இணைய வழி விசா 2022-இல் வந்துவிட்டது, அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

பனங்கூடல் | 2024 நவம்பர் 10

நான் பாரிஸில் இருக்கிறேன். என்ரை மாமியாரோடு போய் வந்தனான், அவவுக்கும் அறுபது தாண்டின வயது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

கரிசல் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கு, ஆனால் கெலிஸில் தங்கினால் ரியாட்டில் தங்கியதாக ஆகாது. இந்த வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. வெளியில் காவிச் சுவரும் ஒரு சின்னக் கதவும்தான். ஜன்னல் எல்லாம் முற்றத்தைப் பார்த்தபடி. கதவைத் திறந்து வளைந்த நடைக்குள் போய்த் திரும்பினதும் சந்துச் சத்தம் அப்படியே அறுந்து போகும். பிறகு தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். விடிய மாமி முற்றத்தில் தேநீரோடு இருந்தா. மண்நிற உடம்பும் சாம்பல் தலையுமாக ஒரு குருவி வந்து அவவின் தட்டில் இருந்த ரொட்டித் துகளைக் கொத்திக்கொண்டு போனது. வேலைக்காரப் பெண் அதைத் துரத்தவே இல்லை. மராக்கேஷ்காரர் அந்தக் குருவியை வீட்டுக்குப் பாக்கியம் என்று நினைக்கிறவை, வீட்டுக்குள் கூடு கட்டினாலும் கலைக்க மாட்டினம்.

இனி ஹம்மாம். ரியாட்டில் இருப்பது ஒன்று அல்லது இரண்டு பேருக்கான சிறு அறை, உள்ளே கல் மேடை. உங்களோடு வேறு விருந்தாளி ஒருவரும் வரமாட்டார். பெண்களுக்குப் பெண்தான் செய்வார், ஆனாலும் பதிவு செய்யும்போது அதைச் சொல்லிவிடுங்கோ. காகிதத் துணியில் ஒரு உள்ளாடை தருவினம். வேண்டாம் என்றால் சொந்த உள்ளாடையோடோ நீச்சல் உடையோடோ இருக்கலாம். மாமி பாவாடையை மார்பு வரை கட்டிக்கொண்டுதான் போனா. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, பாவாடையை விலக்கி விலக்கித் தேய்த்தா.

முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரை வாளியால் அள்ளி உடம்பு முழுக்க ஊத்துவா. பிறகு கறுப்புச் சோப்பு. அது கட்டிச் சோப்பு இல்லை, ஒலிவ் எண்ணெயில் செய்த, தேன் போலக் குழைந்த பசை. அதைப் பூசிவிட்டு ஆவிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டுப் போயிடுவா. தோல் நல்லா ஊறின பிறகு கெஸ்ஸா என்ற சொரசொரப்பான கையுறையைப் போட்டுக்கொண்டு நீள நீளமாக இழுத்துத் தேய்ப்பா. சாம்பல் நிறத்தில் அழுக்கு திரித்திரியாக உருண்டு வரும். அந்தப் பெண் அதை மாமிக்குக் காட்டினா, மாமிக்கு வெட்கம். எல்லாருக்கும் வரும் என்று சைகையாலேயே சொன்னா. பிறகு அட்லஸ் மலைப் பக்கத்துக் களிமண்ணான கஸூலை உடம்புக்கும் தலைக்கும் பூசிக் கழுவிவிடுவா. கடைசியில் அந்த நாட்டு ஆர்கன் மரக் கொட்டையில் எடுக்கிற ஆர்கன் எண்ணெய். தலைமுடியைத் தன்ரை பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரித்தான் கழுவினா. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் முடியும்போது மாமி அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா.

சருமநலம் | 2024 நவம்பர் 10

நான் தோல் மருத்துவம் பார்க்கிறேன். பெரியவர்களை ஹம்மாமுக்குக் கூட்டிப்போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டா? ஆவி அறையில் ரத்தக் குழாய்கள் விரிவதால் அழுத்தம் இறங்கும். படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஈரக் கல் தரையில் விழ வாய்ப்பு அதிகம். எழுவதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார வையுங்கள், கை கொடுத்து எழுப்பச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அழுத்தித் தேய்த்தால் தோலடியில் ரத்தம் கட்டும். சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் தண்ணீரின் சூட்டை நீங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். இதய நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது.

வயதானால் தோல் மெலியும். "மெதுவாக" என்பதற்கு மொராக்கோ அரபியில் "ப்ஷ்வியா" என்பார்கள். இந்த ஒரு சொல்லை அம்மா மனப்பாடம் செய்துகொண்டால் போதும். முதல் நாளும் அன்றும் கால் முடி மழிக்க வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். கையுறை புதிதாக இருக்கட்டும். கடையில் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும், வாங்கிக்கொண்டே போய்விடுங்கள். தேய்த்த மறுநாள் வெயிலில் அதிகம் அலைந்தால் தோல் எரியும். அதனால் ஹம்மாமை ஊர் சுற்றி முடித்த மாலையில் வைத்துக்கொள்வது நல்லது.

சுதைவேலை | 2024 நவம்பர் 11

பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் தொழிலில் இருக்கிறேன், சுண்ணாம்புப் பூச்சுதான் என் வேலை. மராக்கேஷில் கைவினைஞர்களோடு கொஞ்சக் காலம் வேலை பார்த்திருக்கிறேன். ஸ்பா, அறை விலை என்று பேசுகிறோம். வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். ரியாட்டில் நாம் காசு கொடுப்பதே அந்த வீட்டுக்குத்தான்.

ஹம்மாம் அறையின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பாக, கூழாங்கல்லைத் தொடுவது போல இருந்தால் அது தடெலக்ட். மராக்கேஷ் பகுதிச் சுண்ணாம்பை நிறப்பொடியோடு குழைத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் ஒரு வழவழப்பான கல்லால் அங்குலம் அங்குலமாக அழுத்தித் தேய்ப்பார்கள். பிறகு மேலே பூசுவது அதே கறுப்புச் சோப்பு! சோப்பிலுள்ள கொழுப்பு அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து நீரில் கரையாத ஒரு படலம் உண்டாகிறது. தண்ணீர் உள்ளே இறங்காது. ஓடு பதித்த சுவரில் இருக்கும் இணைப்புக் கோடுகள் இதில் கிடையாது. செட்டிநாட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் மெருகேற்றிய பூச்சைத் தொட்டவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியும் மினுமினுப்பும் உடனே பிடிபடும். மெருகேற்றும் உழைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தடெலக்ட்டை அமிலம் கலந்த கிளீனர் போட்டுத் துடைத்தால் பாழாகிவிடும். நல்ல வீட்டில் கறுப்புச் சோப்பைக் கொண்டேதான் கழுவுவார்கள்.

தரையிலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் ஸெல்லிஜ் இருக்கும். மெருகேற்றிய ஓட்டைச் சிறு சுத்தியலால் வெட்டி, துண்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, பின்னால் காரை ஊற்றிப் பலகையாக்குவார்கள். வேலை செய்யும்போது வடிவத்தின் முகத்தைப் பார்க்கவே முடியாது. அதற்கு மேலே செதுக்கிய சுதை, அதற்கும் மேலே தீட்டிய தேவதாரு மரம். ஒரு நல்ல சுவரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் இந்த வரிசை தெரியும்.

எனக்கு வருத்தம் தருவது சிமென்ட். 1990-களின் கடைசியிலிருந்து வெளிநாட்டவர்கள், முக்கியமாகப் பிரெஞ்சுக்காரர்கள், மெதினாவில் பாழடைந்த வீடுகளை வாங்கி விருந்தினர் இல்லமாக்கத் தொடங்கினார்கள். அதனால் பல வீடுகள் பிழைத்தன, கைவினைஞர்களுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அவசரத்தில் மண் சுவர்மேல் சிமென்ட் பூசியவர்களும் உண்டு. மண் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும், சுவர் உள்ளே நொறுங்கும். 2023 செப்டம்பர் 8 இரவு வந்த 6.8 அளவு நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். பெருஞ்சேதம் அட்லஸ் மலைக் கிராமங்களில். மெதினாவிலும் பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன. அதனால் "நிலநடுக்கத்துக்குப் பிறகு பொறியாளர் வந்து பார்த்தாரா, என்ன சீர் செய்தீர்கள்" என்று நான் கேட்பேன். நல்ல உரிமையாளர் இந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார், ஆர்வமாகப் பதில் சொல்வார்.

மல்லிகை அம்மா, இன்னொன்று: ஜனவரி இரவில் மராக்கேஷ் 5, 6 டிகிரிக்கு இறங்கும். இந்த வீடுகள் கோடையைத் தாங்கக் கட்டியவை. முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கும், அறைக்கதவு நேராக முற்றத்தில். அறையில் ஹீட்டர் உண்டா, குளியலறையில் உண்டா, இரவு முழுதும் ஓடுமா என்று எழுத்தில் கேளுங்கள். மழைக்கு முற்றத்தின் மேல் தார்ப்பாய் இழுத்து மூடுகிறார்களா என்றும் கேளுங்கள்.

மல்லிகைப்பந்தல் | 2024 நவம்பர் 12

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. விசா பல நுழைவுதான், கரிசல் அண்ணா. அம்மாவுக்கு அழுத்த மாத்திரை உண்டு டாக்டர், சர்க்கரை இல்லை.

கீழ்த்தள அறை கேட்டால் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் அது இருட்டாக இருக்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள், உண்மையா? சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே.

நடைவண்டி | 2024 நவம்பர் 12

உண்மைதான். கீழ்த்தள அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்க்கும், மற்றவர்கள் காலை உணவு சாப்பிடுவதும் அங்கேதான். திரையை மூடினால் இருட்டு, திறந்தால் எல்லோர் கண்ணும். முற்றத்தில் ஒரு தட்டு விழுந்தால் எல்லா அறைக்கும் கேட்கும். இருந்தாலும் அம்மாவுக்குக் கீழ்த்தளம்தான். மூலை அறையாகக் கேளுங்கள், சமையலறைக்கு எதிரில் வேண்டாம். ஸ்பா எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். சில வீடுகளில் அது மேல் மாடியில் இருக்கும், சிலவற்றில் நிலவறைப் படி இறங்க வேண்டும்.

அஞ்சறைப்பெட்டி | 2024 நவம்பர் 12

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். நானும் சைவம்தான், முட்டை சேர்ப்பதில்லை.

வெளியில் சாப்பிடும்போதுதான் கவனம் வேண்டும். காய்கறி கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த ரவை மணிகள்மேல் குழம்பு ஊற்றியது) என்று பட்டியலில் போட்டிருப்பார்கள், ஆனால் குழம்பை இறைச்சியோடு சேர்த்து வேகவைத்துவிட்டு எடுத்து வைக்கும்போது இறைச்சியை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சிச் சாறு, எலும்பு, கோழி எதுவும் பானையில் விழக் கூடாது என்று பிரெஞ்சிலோ அரபியிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரியாட் இந்த விஷயத்தில் ஹோட்டலைவிட மேல். சமைப்பவர் அநேகமாக அந்த ஊர்ப் பெண்மணி. இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்ல வேண்டும், அவர் சந்தைக்குப் போய் வாங்கி வந்து உங்களுக்கென்றே சமைப்பார். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துத் தக்காளி, பூண்டு, சீரகம் சேர்த்த ஸாலூக், பயறு, வெள்ளைக் காராமணி, கேரட்டும் சுரைக்காயும் ஊறிய எலுமிச்சையும் போட்டு மண்சட்டியில் வேகவைத்த தஜீன் எல்லாம் கேட்டால் கிடைக்கும். உலர்ந்த பாகலா அவரையில் செய்யும் பிஸ்ஸாரா என்ற கெட்டிச் சூப்பின் மேல் ஒலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் தூவித் தருவார்கள். குளிர்காலத்துக்கு அதற்கு நிகர் இல்லை, அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

காலையில் மடித்துச் சுட்ட ம்ஸெமென் ரொட்டி, மேலே ஆயிரம் துளை விட்ட பக்ரீர் என்ற ஆப்பம், ரவையில் செய்த ஹர்ஷா ரொட்டி வரும். இவற்றில் வழக்கமாக முட்டை இல்லை, ஆனாலும் கேட்டுவிடுங்கள். வறுத்த பாதாமையும் ஆர்கன் எண்ணெயையும் தேனையும் அரைத்த அம்லூவைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். புதினாத் தேநீரில் சர்க்கரை மிக அதிகம், குறைக்கச் சொல்லலாம்.

ஆர்கன் எண்ணெய் வாங்கினால் சமையலுக்கு உள்ளது வறுத்த கொட்டையில் எடுப்பது, நிறம் கருக்கலாக, வாசனையாக இருக்கும். தோலுக்கு உள்ளது வறுக்காதது, வெளிறியிருக்கும். சதுக்கத்தில் மலிவாகக் கூவி விற்பதை வாங்காதீர்கள்.

பனங்கூடல் | 2024 நவம்பர் 13

நடைவண்டி, பொது ஹம்மாம்தான் உண்மையானது என்று எழுதினீர்கள். நான் இரண்டிலும் குளித்தவள். பொது ஹம்மாமில் மூன்று அறை, ஒன்றைவிட ஒன்று சூடு. கடைசி அறையில் தொட்டியிலிருந்து வாளி வாளியாகப் பிடித்துக்கொண்டு வந்து தரையில் பாய் போட்டு இருக்க வேண்டும். பக்கத்தில் பாட்டி, பேத்தி, கைக்குழந்தை எல்லாரும். ஒரு கிழவி தன்ரை முதுகைக் காட்டி என்னைத் தேய்க்கச் சொன்னா, பிறகு என்ரை முதுகைத் தேய்த்துவிட்டா. அந்த உறவை ரியாட் ஸ்பா ஒருநாளும் தராது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தரையில் இருந்து எழும்ப முடியாத, அந்நியர் முன் உடுப்புக் களைந்து பழக்கம் இல்லாத ஒரு அம்மாவுக்கு அதுதான் உண்மை, மற்றது பொய் என்று சொல்வது சரியில்லை. ரியாட் ஹம்மாமில் தேய்க்கிறவவும் அதே ஊர்ப் பெண்தான், அதே கைப் பழக்கம்தான். அவவுக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் நாங்கள் கேட்க வேண்டும். எங்களிடம் ஒரு ஆளுக்கு 400 திர்ஹாம் எடுத்தவை, அதில் அவவின் பங்கு எவ்வளவோ. நான் தனியாக அவவின் கையில் 100 திர்ஹாம் கொடுத்தேன், முதலாளியின் மேசையில் வைக்கவில்லை.

நடைவண்டி | 2024 நவம்பர் 13

பனங்கூடல் அக்கா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அம்மாவுக்கு ரியாட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மல்லிகை மட்டும் ஒரு நாள் தெரு ஹம்மாமுக்குப் போய் வரட்டும்.

பொது ஹம்மாம் மேல் எனக்குள்ள பற்றுக்குக் காரணம் இருக்கிறது. அது மூடினால் தெருவே குளிர்ந்துவிடும். சுவருக்குப் பின்னால் அடுப்பு எரிப்பவர் விறகும் மரத்தூளும் போட்டு நீரைச் சுட வைக்கிறார். அந்தச் சாம்பலில்தான் மராக்கேஷ் ஆண்கள் இறைச்சிப் பானையைப் புதைத்து மணிக்கணக்கில் வேகவைக்கும் தன்ஜியா ஆகிறது. தொடர் வறட்சியால் 2024 தொடக்கத்தில் பல நகரங்களில் ஹம்மாம்களை வாரத்தில் மூன்று நாள் மூட அரசு உத்தரவிட்டது. தேய்த்துவிடும் பெண்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அன்றன்றைய கூலிதான். அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் காசு போக வேண்டும் என்று எழுதினேன்.

நெறியாளர் | 2024 நவம்பர் 13

விவாதம் நன்றாகப் போகிறது. குறிப்பிட்ட ரியாட்களின் பெயரைப் போட்டுப் புகார் எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெயரில்லாமல் அனுபவத்தை எழுதுங்கள்.

கரிசல்காட்டான் | 2024 நவம்பர் 14

சரி, நானும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். ஸ்பா உண்டு என்று நம்பிப் பதிவு செய்த ஒரு ரியாட்டில் போய் இறங்கிய பிறகுதான் ஹம்மாம் பழுது, பக்கத்துத் தெருவில் வேறொரு ஸ்பாவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். விலை இரட்டிப்பு. அதனால்தான் எனக்கு ரியாட் என்றாலே தயக்கம். ஹம்மாம் வீட்டுக்குள்தான் இருக்கிறதா, நான் வரும் நாட்களில் இயங்குமா, விலையில் என்னென்ன அடங்கும் என்று மூன்றையும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறையைச் சுட வைக்கவே சில மணி நேரம் ஆகும், நினைத்தவுடன் கிடைக்காது. முதல் நாளே சொல்ல வேண்டும்.

தங்கும் வரியை ஒவ்வொரு இரவுக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தனியாக, பெரும்பாலும் ரொக்கமாக வாங்குவார்கள். திர்ஹாமை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, மீதியை அங்கேயே மாற்றிவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் | 2025 பிப்ரவரி 4

போய் வந்துவிட்டோம்! முதலில் பார்த்த ரியாட்டை விட்டுவிட்டேன். கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் பதில் "எல்லாம் நன்றாக இருக்கும்" என்ற ஒரு வரிதான். வேறொரு வீட்டுக்காரர் கஸ்பா பக்கத்திலிருந்து கதவு வரை நடந்து வீடியோ எடுத்து அனுப்பினார், ஸ்பா கீழ்த்தளத்தில் என்றார், படிக்கட்டின் படமும் வந்தது. அங்கேயே தங்கினோம்.

குளிர் கடுமைதான். சுதைவேலை ஐயா சொல்லியிராவிட்டால் கம்பளிச் சாக்ஸ் கொண்டுபோயிருக்க மாட்டோம். அறை ஹீட்டர் ஓடியது, ஆனால் காலையில் முற்றத்தைக் கடந்து சாப்பிடப் போகும் அந்தப் பத்தடியில் பல் கிட்டியது. பத்து மணிக்கு மேல் மொட்டைமாடியில் வெயில் ஏறிவிடும். அம்மா ஒருமுறை மட்டும் மெதுவாக மாடி ஏறினார். அட்லஸ் மலைமேல் பனி தெரிந்தது, மறுபுறம் குதூபியா பள்ளிவாசலின் கோபுரம். நெடுநேரம் இறங்க மனமில்லை அவருக்கு.

ஹம்மாமில் நானும் கூடவே இருந்தேன். அம்மா நைட்டியோடுதான் உட்கார்ந்தார். அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் வாளித் தண்ணீரை அம்மாவின் பாதத்தில் ஊற்றி, சூடு போதுமா என்று முகத்தைப் பார்த்தார். பிறகு முழங்காலைத் தொட்டதும் அம்மா முகம் சுளித்ததைக் கவனித்துவிட்டு அங்கே கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் சோப்பை நீவினார். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே. "ப்ஷ்வியா" சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை டாக்டர். முதுகைத் தேய்க்கும்போது அம்மா தானாகவே நைட்டியை இறக்கிக்கொண்டார். எழும்போது இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து உட்கார வைத்தோம்.

அம்மா அழுதார். என்னவென்று நான் கேட்கவில்லை. தன் உடம்பை இன்னொருவர் இப்படிக் கவனித்துக் குளிப்பாட்டி ஐம்பது வருடம் இருக்கும் என்று இரவில் அவரே சொன்னார். அந்தப் பெண்மணி கையில் தனியாகக் கொடுத்தோம், பனங்கூடல் அக்கா.

பிஸ்ஸாராவை தினமும் கேட்டு வாங்கிக் குடித்தார். சமையல்காரம்மாவிடம் உட்கார்ந்து செய்முறையையும் வாங்கிக்கொண்டார்.

சுதைவேலை | 2025 பிப்ரவரி 5

படித்து மகிழ்ந்தேன். உங்களுக்குப் பின்னால் போகிறவர்களுக்காக ஒன்று: விலை உயர்ந்த ரியாட்டில் தங்க முடியாதவர்களும் அந்த வீட்டமைப்பைப் பார்க்கலாம். முவாஸ்ஸின் பக்கத்தில் 2016-இல் திறந்த 'ல ஜார்தான் செக்ரே' என்ற தோட்ட மாளிகையில் நான்காகப் பிரித்த தோட்டமும், மலைநீரை நிலத்தடிக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்த பழைய நீர்முறையும் தெளிவாகத் தெரியும். 16-ஆம் நூற்றாண்டின் பென் யூசுஃப் மதரசாவும் சீரமைப்பு முடிந்து 2022-இல் திறந்துவிட்டது. ஸெல்லிஜ், சுதை, மரம் மூன்றையும் ஒரே சுவரில் பார்க்க அதைவிட நல்ல இடம் மராக்கேஷில் இல்லை.

வெண்ணிலாமுற்றம் | 2025 பிப்ரவரி 11

இழை முழுவதும் படித்தேன். நானும் கணவரும் மார்ச் நடுவில் போகிறோம், நோன்பு மாதம் என்று இப்போதுதான் தெரிந்தது. ரியாட், ஹம்மாம் எல்லாம் இயங்குமா? தேதியை மாற்றலாமா?

பனங்கூடல் | 2025 பிப்ரவரி 11

மாற்றத் தேவையில்லை. ரியாட்கள் திறந்துதான் இருக்கும், உங்களுக்குக் காலை உணவும் வரும். நாங்களும் ஒருமுறை நோன்பு மாதத்தில் போனோம். பகலில் சந்தை மந்தம், பல சிறு சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், இரவில் ஊரே விழித்திருக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் சந்துகள் வெறிச்சோடும், டாக்ஸி பிடிப்பது கஷ்டம். அந்நேரம் ரியாட்டுக்குள் இருந்துவிடுங்கோ. பல வீடுகளில் வேலை செய்கிறவர்கள் தங்கள் மேசைக்கே கூப்பிடுவினம், பேரீச்சம்பழம், ஹரீரா, தேனில் தோய்த்த ஷெபாக்கியா இனிப்பு எல்லாம் வரும். கூப்பிட்டால் போங்கோ.

கடிகாரத்தைக் கவனியுங்கோ. மொராக்கோவில் நோன்பு மாதத்துக்கு மட்டும் நேரத்தை ஒரு மணி பின்னால் வைப்பினம். இந்த முறை பிப்ரவரி 23-ஆம் தேதி மாற்றம். திரும்பும் விமானத்துக்கு எந்த நேரக் கணக்கு என்று ரியாட்டில் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கோ.

ஹம்மாமை மட்டும் பின்னேரம் பதிய வேண்டாம். தேய்க்கிற பெண் விடியற்காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் அந்த ஆவிக்குள் நிற்பா. காலையில் முதல் ஆளாகப் போங்கோ, இல்லாவிட்டால் அவ நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு இரவு ஒன்பது மணிபோலக் கேளுங்கோ. பெரும்பாலான வீடுகளில் சம்மதிப்பினம்.